கீழாநெல்லியும் காமாலையும்

ஐப்பசி மழை இரண்டு பெய்தால் போதும். வயல் வரப்பிலும் புற்றரையிலும் கொல்லைக் கிணற்றடியிலும் ஒருவரும் விதைக்காமலே முளைத்து நிற்கும் பூண்டு கீழாநெல்லி. உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். இலை நெல்லியிலையின் சாயல் உடையது. கிளையைத் திருப்பிப் பார்த்தால் கடுகினும் சற்றுப் பெரிய காய்கள் இலைகளின் அடியில் வரிசையாகத் தொங்கக் காணலாம். பெயர்க் காரணம் அதுவே. இதே சாயலில் தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருக்கும் வேறொரு செடியும் உண்டு. பறிக்க அனுப்பும் சிறுவர்களுக்கு வேற்றுமையைச் சொல்லி அனுப்புதல் நலம். நம் வரப்புகளில் மலிந்துள்ள வகையின் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்பப் பிரதேசம் என்று தாவர நூலார் கூறுகின்றனர். நம் பாட்டிமார் இதனை ஒருபோதும் நம்ப மாட்டார்கள். மிளகாய்க்கும் அதுவே பிறந்தகம் என்றால் அதையுந்தான் நம்ப மாட்டார்கள்.

வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் மைபோல் அரைத்து, நெல்லிக்காயளவு எடுத்து மோரிலோ வெள்ளாட்டுப் பாலிலோ கரைத்து, விடியற்காலையில் வெறும் வயிற்றில் அருந்துவது வழக்கம். உப்பையும் எண்ணெயையும் நீக்கிப் பத்தியம் இருப்பர். நீர்க்கடுப்புக்கும் இதனைக் கொடுப்பதுண்டு. பிரேஸில் தேசத்தார் இவ்வினத்துச் செடிகளைக் 'கல்லுடைப்பான்' என்று பொருள்படும் பெயரால் அழைத்து, நீரகக் கல்லுக்குக் கஷாயமாக்கிக் குடிக்கின்றனர். ஆயினும் நம்மவருக்குக் கீழாநெல்லி என்றால் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி.

இந்த நம்பிக்கையை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. குளித்தலையிற் பிறந்த ரஸாயன நிபுணர் சேஷாத்திரியும் அவருடைய மாணாக்கரும் வால்டேரில் இச்செடியின் கசப்புச் சத்தை ஆராய்ந்து 1946-இல் வெளியிட்டனர். 1988-இல் சென்னைச் சர்வகலாசாலையைச் சார்ந்த டாக்டர் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் என்பாருடன் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோயின் கிருமியை உடலில் நெடுநாள் தாங்கி நின்றோருக்கு இதன் பொடியை முப்பது நாள் கொடுத்துப் பார்த்தனர். பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. லண்டன் 'லான்ஸெட்' சஞ்சிகையில் இது வெளிவந்தபோது நம் நாட்டார் அடைந்த பெருமிதம் இயல்பானதே. ஆனால் 1990-இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அப்பலன் கிட்டவில்லை. 2011-இல் பல தேசத்துச் சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் குழுவினரும் பயன் ஐயமற நிலைநாட்டப்பட்டதென்று கூறவில்லை.

அப்படியாயின் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் அத்தனை பேர் எப்படி வந்தார்கள்? காமாலை என்பது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். அசுத்த ஜலத்தால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ என்னும் வகைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். அவ்வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த தலைவருக்குக் கண் மஞ்சளித்தது. காய்ச்சல் இல்லை, உடலெங்கும் அரிப்பு, மலம் வெண்களிமண்போல் வெளுத்திருந்தது. ஒரு மண்டலம் கீழாநெல்லி அருந்தினார். பத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதன் பின்னர்ப் பரிசோதித்தபோது, பித்தநீர் இறங்கும் குழாயை ஒரு கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. சத்திர சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். செடி அவருக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை. அந்த நாற்பத்தெட்டு நாட்கள்தாம் திரும்பி வரவில்லை.

ஆகவே தாய்மார்களை நாம் வேண்டிக்கொள்வது இது. கண் மஞ்சளித்த அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கீழாநெல்லி கொடுப்பதாயின், கொடுப்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளி பிதற்றினாலும், ஓயாமல் தூங்கினாலும், இரத்தம் கசிந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதித்தலாகாது. கர்ப்பிணிகளுக்கு வரும் காமாலையில் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது. மேற்சொன்ன இ வகை அவர்களுள் பலரின் உயிரைக் குடித்திருக்கிறது.

பி வகைக்கு நல்ல தற்காப்பு இருக்கிறது. நம் செடியைச் சோதித்த அதே புளும்பெர்க், மில்மன் என்பவரோடு சேர்ந்து 1969-இல் வழிகாட்டிய தடுப்பு மருந்து அது. 2011 முதல் நம் நாடெங்கும் சர்க்கார் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. குழந்தை பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் போட்டாயிற்றா என்று கேட்டு, குழந்தையின் அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.