கரையேறினவனுக்கே ஓடமா?

தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளத்தை அள்ளிக் கொடுக்கின்றது. அப்படியிருந்தும் அவர்கள் காலேஜுக்கு வருவதில்லை. படிப்பென்பது பரம்பரையாக வரவேண்டிய வாசனை என்று "தகுதி, திறமை" பேசுகின்றவர்கள் சொல்லி வருகின்றார்கள். இவர்களை நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கின்றோம். காலேஜில் சேர முடியாமற் போன பிள்ளைக்கு அந்தப் பணத்தில் ஒரு காசாவது உண்டா?

கிடையாது. மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உபகாரச் சம்பளம் 1944 முதல் இருந்து வருகின்றது. 2020 டிசம்பரில் மத்திய மந்திரி சபை இதற்கு 5 வருஷத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்றும், அதில் 100க்கு 60 பங்கு மத்திய சர்க்கார் கொடுப்பதென்றும் தீர்மானித்தது. தொகை பெரியதுதான். ஆனால் அதன் வாசற்படி எங்கே இருக்கின்றது? பையன் காலேஜில் சேர்ந்தபின் மனுச் செய்ய வேண்டும். காலேஜ் அவனைத் தன் மாணவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகே அவனுடைய பாங்குக் கணக்குக்குப் பணம் வரும். சேராதவனுக்கு மனுவும் இல்லை, பணமும் இல்லை. ஆற்றைக் கடந்து கரையேறினவனுக்கே ஓடம் என்பதுதானே இந்த ஏற்பாடு!

இது வெறும் வாதமல்ல. 2024 இல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலிக்காரர் ஒருவரின் மகன், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன், பரீட்சையில் தேறித் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றான். ஐ.ஐ.டி.களில் இவ்வகுப்பு மாணவர்களுக்குப் படிப்புச் சம்பளமே கிடையாதென்று 2016 இலேயே உத்தரவாகியிருக்கின்றது. ஆனால் உள்ளே நுழைய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை 5 மணி கெடு. பணத்தைத் திரட்டுவதற்குள் கெடு தீர்ந்தது, இடமும் போயிற்று. அவ்வருஷம் பரீட்சை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. ஆனதால் அவன் சென்னை ஹைக்கோர்ட்டு வரை அலைந்து, முடிவில் செப்டம்பர் 30 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் இடம் பெற்றான். 2021 இலும் பம்பாய் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த வேறொரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன், பணம் கட்டுவதில் ஏற்பட்ட தடங்கலால் இடம் இழந்து, அதே கோர்ட்டு சொல்லித்தான் சேர்ந்தான். டில்லி வரை போனவர்கள் இவர்கள். போக வழியில்லாமல் செங்கல் சூளைக்குத் திரும்பினவர்களை எந்த ஆபீசர் எண்ணினார்?

பெற்ற தாய் இதைத் தலைவிதி என்று அழுவாள். அம்மா, இந்த விதியை எழுதியவன் பிரமனல்லன். ஆபீசில் உட்கார்ந்திருக்கும் மனிதன். மனிதன் எழுதியதை மனிதன் அழித்தெழுதலாம்.

நிற்க, பணம் கட்டிவிட்டுப் பிறகு சேராமல் நிற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் வருஷத்து உத்தரவுப்படி, சேர்க்கைக்குக் குறித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5,000 ரூபாய்க்கு மேற்படாத ஒரு சிறு பிடித்தம் போக, பணம் முழுவதும் திரும்ப வரவேண்டும். அதற்குப் பின் நாளாக ஆக 100க்கு 90, 80, 50 என்று குறையும். கடைசித் தேதிக்குப் பின் 30 நாள் கழிந்தால் ஒன்றுமில்லை. அசல் சர்ட்டிபிகேட்டுகளைக் காலேஜ் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. இதை அறியாத தகப்பன்மார் பணத்தையும் விட்டு, சர்ட்டிபிகேட்டுக்காக மானேஜர் காலிலும் விழுகின்றார்கள். காலில் விழ வேண்டாம். எழுத்து மூலம் கேளுங்கள்.

நாம் கேட்பது தர்மமல்ல. 2020 ஏற்பாட்டில் உபகாரச் சம்பளத்துக்குக் குறித்த வருமான எல்லை வருஷத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். அந்த எல்லைக்குட்பட்ட குடும்பத்துப் பிள்ளை, இடம் கிடைத்த அன்று ஒரு காசும் கட்டாமல் சேரட்டும். காலேஜுக்குச் சேரவேண்டியதைச் சர்க்கார் பின்னால் கணக்குப் பார்த்துக் கொடுக்கட்டும். நாள் பிந்தினால் காத்திருக்க வேண்டியது கஜானாவே ஒழியப் பிள்ளையல்ல. இதைச் செய்த பிறகும் நம் பிள்ளைகள் வரவில்லையானால், அப்போது தகுதியைப் பற்றிப் பேசுங்கள். அதுவரையில் அந்தப் பேச்சுப் பேச உங்களுக்கு யோக்கியதை இல்லை.