நடுவர் தீர்ப்பே இறுதியானதா?

"நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது." பாடசாலைப் பேச்சுப் போட்டி தொட்டுப் பரதப் போட்டி, சிறுகதைப் போட்டி ஈறாக, நம்மிடையே நிகழும் போட்டிகளின் விதிமுறைத் தாள்களிற் பெரும்பாலும் இவ்வாசகம் கடைசி வரியாக வீற்றிருக்கக் காணலாம். இவ்வாசகத்தின் மீது வழக்குத் தொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வழக்கில் நான் சான்றுக்கு அழைப்பதோ வாசகர் சற்றும் எதிர்பாராத ஒரு கலையை. தொலைக்காட்சியிற் காணும் பனித்தரை நடனத்தை.

பருத்தித்துறையிற் பிறந்தவனுக்கும் பனித்தரைக்கும் என்ன உறவு என நண்பர்கள் நகைப்பதுண்டு. இலங்கையின் வடமுனையில், வெயிலும் உப்புக்காற்றும் ஆட்சி செய்யும் எம் ஊரில், பனிக்கட்டி என்பது மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடப்படும் பொருள். அதன்மேல் மனிதர் ஆடுவர் என்பது சிறுவயதில் எனக்கு நம்பத்தகாத செய்தி. ஆயினும் செய்மதித் தொலைக்காட்சி அக்கலையை எம் வீட்டு விறாந்தைக்கே கொணர்ந்தது. சப்பாத்தின் அடியிற் பொருத்திய மெல்லிய உருக்கு அலகின் மீது நின்று, இசைக்கியைய வளைந்தோடி, காற்றிற் சுழன்று, ஒற்றைக்காலில் வந்திறங்கும் கலைஞரைக் கண்ட நாள் முதல் நான் அதன் இரசிகன். எனினும், என்னைச் சிந்திக்க வைத்தவை ஆட்டம் முடிந்தபின் வரும் சில நிமிடங்களே. ஆடியவர் மூச்சு வாங்கியவாறு ஆசிரியரின் அருகே வாங்கில் அமர்ந்து புள்ளிகளுக்காகக் காத்திருப்பார். அந்நிமிடங்களிலேதான் கலைக்கும் நீதிக்கும் உள்ள உறவு வெளிப்படுகின்றது.

முன்னைய முறையில் ஆறு என்பதே நிறைபுள்ளி. 1984ஆம் ஆண்டு சராஜேவோ ஒலிம்பிக்கில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேன் ரோவில், கிறிஸ்ரோபர் டீன் இணையர், ரவேலின் 'பொலேரோ' இசைக்கு ஆடினர். கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் ஒருமித்து ஆறு புள்ளி வழங்கினர். அந்தப் பதிவை இன்று காண்போரும் அத்தீர்ப்பை மறுக்கார். ஆனால், ஒன்பதின்மரும் உடன்படும் ஆட்டம் அரிதினும் அரிது. உடன்படாதபோது என்ன நிகழ்ந்தது என்பதே நாம் நோக்க வேண்டியது.

1994ஆம் ஆண்டு யப்பானின் சிபா நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியில், பிரான்சின் கறுப்பின வீராங்கனை சூரியா பொனாலி, யப்பானின் யூக்கா சாத்தோவிடம் ஐந்துக்கு நான்கு என்ற நடுவர் கணக்கிலே தங்கத்தை இழந்தார். அவர் பரிசு மேடையில் ஏற மறுத்தார். கழுத்தில் இட்ட வெள்ளிப் பதக்கத்தையும் கழற்றினார். அது பண்பற்ற செயல் என்றோர் பலர். ஏன் தோற்றோம் என்பதை அறிய வழியற்ற ஒருவருக்கு வேறென்ன மொழி எஞ்சியிருந்தது என்று கேட்டோர் சிலரே. 1998இல், நகானோ ஒலிம்பிக்கில், அவர் தடைசெய்யப்பட்ட பின்புறக் கரணத்தை அடித்து ஒற்றைக்காலில் இறங்கினார்; புள்ளியை இழந்து பத்தாம் இடம் பெற்றார். அத்தடை 2024இல் நீக்கப்பட்டது. நேற்றைய குற்றம் இன்றைய திறனாயிற்று. 'இறுதியான' தீர்ப்புகளின் ஆயுள் இவ்வளவே.

2002ஆம் ஆண்டு சோல்ற் லேக் சிற்றியிலே குட்டு வெளிப்பட்டது. இணையர் போட்டியில் ஐவர் உருசிய இணைக்கும் நால்வர் கனேடிய இணைக்கும் சார்பாகத் தீர்ப்பளித்தனர். தம்மீது அழுத்தம் பிரயோகிக்கப்பட்டதெனப் பிரெஞ்சு நடுவர் கூறினார்; பின்னர் அதனை மறுத்தார். உலகமே கூக்குரலிட, கனேடிய இணைக்கும் தங்கம் வழங்கப்பட்டது. அந்நடுவர் மூன்றாண்டுகள் விலக்கி வைக்கப்பட்டார். வெட்கம் சீர்திருத்தத்துக்கு வழிகோலியது. 2004இல் புதிய முறை ஏற்கப்பட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் முற்கூட்டியே அடிப்படைப் புள்ளி உண்டு. அதனை நிறைவேற்றிய தரத்துக்குக் கூட்டலும் கழித்தலும் உண்டு. அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்பவற்றுக்குத் தனிப்புள்ளி உண்டு. போட்டி முடிந்ததும் விரிவான புள்ளித்தாள் வெளியிடப்படும். முதலில் எந்த நடுவர் எப்புள்ளி இட்டார் என்பதை மறைத்தனர்; வெளியழுத்தத்திலிருந்து நடுவரைக் காப்பதே நோக்கம் என்றனர். அதனால் ஐயம் தீரவில்லை, பெருகியது. 2016இல் அந்தத் திரையும் அகற்றப்பட்டது. இன்று தோற்றவர் தாம் எந்தத் தாவலில், எத்தனை புள்ளியை, எவர் கையால் இழந்தோம் என்பதைத் தாளிலே காணலாம்.

இதனாற் பனித்தரையில் நீதி முற்றாக மலர்ந்துவிட்டது என்று நான் சாதிக்கவில்லை. புள்ளி தேடும் ஓட்டத்திலே தாவல்கள் பெருகி இசை பின்னொதுங்கியது உண்மை. நான்கு சுற்றுத் தாவலுக்குச் சிறுமியரின் மெலிந்த உடலே வாய்ப்பாயிற்று. 2022இல், பீஜிங்கில், 15 வயதுச் சிறுமி ஒருத்தி ஊக்கமருந்துச் சர்ச்சையின் நடுவே தளர்ந்து வீழ்ந்ததை உலகம் கண்டது. அதன் பின்னரே மூத்தோர் போட்டிக்கான வயதெல்லையை 17ஆக உயர்த்த முடிவு செய்தனர். ஆயின், இக்குறைகளை நாம் எவ்வாறு அறிந்தோம்? அளவுகோல் வெளிப்படையாக இருந்தமையால் அறிந்தோம். வெளியே கிடக்கும் கோலின் கோணலைக் காணலாம். மடிக்குள் மறைத்த கோலின் கோணலை எவர் காண்பார்?

இனி நம் முற்றத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகள் ஒரு நடனப் போட்டியில் ஆடினாள். இரண்டாம் இடம் என்றனர். முதலிடம் பெற்ற பிள்ளையின் ஆசிரியைக்கு நடனம் கற்பித்தவரே நடுவராக இருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. அவர் நேர்மையாகவே தீர்ப்பளித்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால், எங்கள் பிள்ளையின் புள்ளியைக் கேட்டபோது கிடைத்த விடை ஒன்றே: "நடுவர் தீர்ப்பே இறுதியானது." வீடு திரும்பும் வழியில் அவள் என்னிடம் கேட்டாள்: "மாமா, நான் எதிலை பிழை விட்டனான்?" என்னிடம் விடை இல்லை. முத்திரையிலா, தாளத்திலா, அபிநயத்திலா என்று சொல்ல எவரும் இல்லை. அதன்பின் அவள் சலங்கை கட்டவில்லை. தோல்வி அவளை நிறுத்தவில்லை. காரணமில்லாத தோல்வியே நிறுத்தியது.

"கலையை எண்ணால் அளக்கலாகாது, இஃது இயந்திர நாகரிகம், நம் மரபுக்கு ஒவ்வாது" என்பார் உளர். அளக்கலாகாது எனின் முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்துவது எதனால்? வரிசை இடும்போது அளவையை நம்புவதும், காரணம் கேட்கும்போது அளவையை மறுப்பதும் எவ்வகை நேர்மை? மரபு என்கின்றனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுமுன், ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோருக்குரிய தகுதிகளை இளங்கோ ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றார். அரங்கின் நீளம் எட்டுக்கோல், அகலம் ஏழுகோல், உயரம் ஒருகோல் என அளவும் தருகின்றார். தகுதியை முன்னரே அறிவித்தலும், அளவைப் பலரறிய வைத்தலும் நம் மரபே. அதனை நாம் மறந்தோம்.

நாட்டுக்கூத்து மரபிலும் இதுவே நிலை. 'மயான காண்டம்' நடித்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் புகழ் நடுவர் குழு வழங்கியதன்று. விடியுமட்டும் விழித்திருந்த மக்கள் வழங்கியது. அம்மக்கள் காரணம் கூறத் தெரிந்தவர்கள். பாட்டுத் தவறினால் எந்த அடியில் தவறியது என்பதை மறுநாட் காலையிற் கிணற்றடியிலேயே சொல்லிவிடுவர்.

எனவே நம் சங்கங்களும் பாடசாலைகளும் செய்ய வேண்டியவை மிகச் சில. அளவுகோலைப் போட்டிக்கு முன்னரே அறிவியுங்கள். தம் மாணவரோ, மாணவரின் மாணவரோ, உறவினரோ ஆடும் மேடையிலிருந்து நடுவர் விலகுக. ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும் அவர் பெயரோடு வெளியிடுங்கள். தோற்ற ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: எது நன்று, எது குறை. இதற்குச் செலவாவது ஒரு தாளும் சிறிது துணிவுமே. நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரை மேடைதோறும் போற்றுகின்றோம். அம்மேடைக்கு முன்னே அமர்ந்திருக்கும் நடுவரிடம் காரணம் கேட்க மட்டும் ஏன் அஞ்சுகின்றோம்?

நமது சங்கமும் ஆண்டுதோறும் போட்டி நடத்துகின்றது. அடுத்த ஆண்டு விதிமுறைத் தாளின் கடைசி வரியை நாமே முதலில் மாற்றுவோம்: "நடுவர் தம் தீர்ப்புக்குக் காரணம் கூறுவர்."