குறையைச் சொல்லும் துணிவு

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் முதுநிலைப் படிப்பில் சேர, பெரும்பாலும் நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசையே வழி. கலந்தாய்வில் எவரும் அவரிடம், "உங்களிடம் உள்ள குறை என்ன?" என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் முதுநிலைப் பயிற்சியை நாடும் நம் இளம் மருத்துவர்களோ, நேர்காணலில் அக்கேள்விக்கு விடை கூற ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.

அங்கு நேர்காணல் முடிந்தபின், மருத்துவமனைகளும் விண்ணப்பதாரர்களும் தத்தம் விருப்ப வரிசையை அளிக்கின்றனர். 1952 முதல் நடைமுறையிலுள்ள பொருத்த முறையில், மார்ச் மாதம் முடிவு வெளியாகிறது. யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் முதற்படிக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் வழங்கப்படுவதில்லை. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே அறிவிக்கப்படுகிறது. எனவே, எண்களுக்கு அப்பால் மனிதரை அறியும் நேர்காணலுக்கு மதிப்பு மிகுதி.

"அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை" என்பது பலரும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் விடை. குறையின் வேடமணிந்த தற்புகழ்ச்சி அது. கேட்பவர் அதை எளிதில் இனங்கண்டுகொள்வார்.

இக்கேள்வியின் வேர் நோயாளியின் பாதுகாப்பில் உள்ளது என்பது நம் கருத்து. நள்ளிரவுப் பணியில் ஒரு நோயாளியின் இரத்த அழுத்தம் சரிகிறது, காரணம் புலப்படவில்லை. முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் உடனே மூத்தவரை அழைப்பாரா, அல்லது "தெரியவில்லை" என்று சொல்ல நாணி நேரத்தைக் கடத்துவாரா? தன் எல்லையை அறியாதவரைவிட, அறிந்தும் மறைப்பவரே ஆபத்தானவர்.

நல்ல விடை நீளமானதாக இருக்க வேண்டியதில்லை. "மூத்த மருத்துவர்கள் முன்னிலையில் ஐயம் கேட்கத் தயங்குவேன். பயிற்சிக் காலத்தில் இதனால் ஒரு மருந்தின் அளவை உறுதிசெய்யத் தாமதமாயிற்று. இப்போது வார்டுக்குச் செல்லுமுன் ஐயங்களை எழுதிவைத்து, அன்றே கேட்டுவிடுகிறேன்" என்று ஒருவர் கூறினால், அதில் உண்மையான குறை, அது வெளிப்பட்ட தருணம், திருத்தும் முயற்சி ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஆனால் இது அவரவர் வாழ்விலிருந்து வர வேண்டும். இரவல் குறை அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

உண்மை பேசினால் இடம் கைநழுவாதா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. கல்விக்காகப் பல இலட்சம் செலவிட்டவர்களின் கவலை அது. மனத்தில் உள்ள குறை அனைத்தையும் கொட்ட வேண்டும் என நாம் கூறவில்லை. பொறுப்புடன் தேர்ந்து சொன்னால் போதும். வங்கியில் கடன் கோருவோர் அறிவர்: பழைய நிலுவையை மறைத்தவரைவிட, அதைக் கூறி, அடைத்துவரும் விவரத்தையும் காட்டுபவர் மீதே நம்பிக்கை பிறக்கிறது.

தரவரிசையைக் கொண்டாடும் நம் இல்லங்களில், "எனக்குத் தெரியவில்லை" என்னும் சொல்லுக்கும் இடமளிப்போம். அச்சொல்லைத் தயக்கமின்றிச் சொல்லப் பழகிய பிள்ளை நேர்காணலில் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். எங்கு பணியாற்றினாலும் நோயாளி நம்பத்தக்க மருத்துவராக விளங்குவார்.