நதிமூலம் அறிவோம்

'நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது' என்பது மக்கள் வழக்கில் உள்ள முதுமொழி. பெருமை பெற்ற ஒன்றின் தொடக்கத்தைத் துருவி ஆராய வேண்டா என்பது அதன் கருத்து. ஆயின், நீர்வளம் குன்றிவரும் இக்காலத்தில் நதிமூலத்தை மட்டுமன்றிக் கிணற்றுமூலத்தையும் பார்த்தே ஆகவேண்டியுள்ளது. தன் கிணற்று நீர் எங்குப் பெய்த மழை என்பதை அறியாத ஊர், அந்நீரைக் காக்கும் வழியையும் அறியாது.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை எண்ணிப் பார்க்கலாம். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மேற்கே ஏலமலைச் சரிவுகள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் சுவரென எழுகின்றன. தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டில் கொட்டித் தீர்க்க, அடிவாரம் மழைமறைவுப் பகுதியாகிறது. அதற்கு வடகிழக்குப் பருவமழையே பெருந்துணை. இங்குள்ள கடும்பாறையில், சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அடிவாரத்துக் கிணற்றில் ஊறும் நீர் எப்பருவத்து மழை? எவ்வுயரத்தில் பெய்தது? இவ்வினாக்களுக்கு நீரே விடை வைத்திருக்கிறது.

நீரில் பதிந்த அடையாளம்

ஒரே தனிமத்தின், நிறை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள். ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ இரண்டு, எடை மிகுந்த ஆக்சிஜன்-18 ஆகும். ஹைட்ரஜனிலும் டியூட்டிரியம் என்னும் கன அணு மிகச் சிறிதளவு உண்டு. மேகம் மலையேறிக் குளிரும்போது கனமான அணுக்களைக் கொண்ட நீர் முந்திப் பொழிகிறது. ஆகவே, உயரம் கூடக்கூட மழைநீரில் அவற்றின் அளவு குறைகிறது. தென்னிந்தியாவின் இரு பருவமழைகளுக்கும் இடையிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. பெய்த இடமும் பருவமும் துளியில் மச்சம்போல் பதிந்துவிடுகின்றன.

வெந்நீரூற்று தந்த பாடம்

நிலத்தடியிலிருந்து கொதித்தெழும் நீர், உருகிய பாறைக்குழம்பிலிருந்து பிறந்தது என்றே ஒரு காலத்தில் பலர் எண்ணினர். அமெரிக்க அறிவியலார் ஹார்மன் கிரெய்க், 1961இல் உலகின் பல பகுதிகளது மழைநீரிலும் ஆற்றுநீரிலும் இவ்விரு ஐசோடோப்புகளும் இணைந்தே கூடிக் குறைவதைக் காட்டினார். பின்னர் வெந்நீரூற்றுகளை ஆராய்ந்தார். அவற்றின் டியூட்டிரியம் அவ்வட்டார மழைநீரை ஒத்திருந்தது. ஆக்சிஜன்-18 மட்டும் மிகுந்திருந்தது. அது சுடுபாறையிடமிருந்து பெற்றது. ஆழத்தின் பிள்ளை என எண்ணப்பட்ட நீர், பெரும்பாலும் மழையின் பிள்ளையே எனத் தெளிவாயிற்று. இமாசலப் பிரதேசத்து மணிகரண் வெந்நீரும் அத்தகையதே. கொதிநீருக்கே மூலம் மழை என்றால், கிணற்றுநீரை 'என் நிலத்தின் ஆழத்தில் கிடைத்தது. எனக்கே உரியது' என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்துக் கௌச்சர் பகுதியில் மலையூற்றுகள் வறண்டபோது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் ஐசோடோப்பு அளவைக் கொண்டு அவற்றிற்கு ஊட்டமளிக்கும் இடங்களைக் கண்டறிந்தனர். அங்கு மழைநீரைத் தேக்கும் அமைப்புகள் கட்டப்பட்டன. ஊற்றுகளில் நீர் பெருகியது.

அறிவும் பொறுப்பும்

'மலையில் காடு இருந்தால் ஊரில் நீர் இருக்கும் என்பது முன்னோர் அறிந்ததே. இதற்கு அணுவை எண்ண வேண்டுமோ?' எனச் சிலர் கேட்கலாம். பொதுவாக அறிந்தது போதாது. முகட்டின் மேற்கே விழும் துளி கேரளத்துப் பெரியாற்றை நாடும். கிழக்கே விழும் துளி கொட்டகுடி ஆற்றின் வழியே வைகையை நாடும். எவ்வுயரத்துச் சோலையைக் காத்தால் எக்கிணறு வாழும் என்பதை அளந்தறிந்தால்தான் குறைந்த பொருளைத் தக்க இடத்தில் செலவிட முடியும். ஐசோடோப்பு நீரின் அளவைக் கூறாது என்பது உண்மையே. எனினும், 12.3 ஆண்டு அரைவாழ்நாள் கொண்ட டிரிட்டியம், நீர் அண்மைக்கால மழையா, நெடுநாள் தேங்கியதா என்பதை உணர்த்தும். எளிதில் மீளாத பழைய நீரை ஆழ்துளைக் கிணறுகளால் இறைப்பது முதலைக் கரைத்து உண்பதாகும்.

ஏலம் நிழலில் விளையும் பயிர். அதற்கெனக் காக்கப்படும் மரங்களே மழையின் வேகத்தைத் தாங்கி, நீரை மண்ணில் இறங்கச் செய்கின்றன. அம்மரங்களைக் காப்பவர் மலைமேல் உள்ளனர். பயனைப் பெறுவோர் அடிவாரத்தில் உள்ளனர். நீரின் மூலம் தெரிந்துவிட்டால் காக்கும் பொறுப்பை இருசாராரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் தெளிவாகும். இதற்கு முதற்படி, அடிவாரம் முதல் முகடு வரை வெவ்வேறு உயரங்களில் மழைநீரைப் பருவந்தோறும் சேகரித்தல். அப்பணியைப் பள்ளி மாணவரும் செய்யலாம். நீர் ஆவியாகாதபடி இறுக மூடக்கூடிய தூய்மையான கலமும், தேதி தவறாமல் குறிக்கும் ஒழுங்கும் தேவை. எஞ்சியதை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும்.