குளிர்கிறது என்று சொல்லுங்கள்

அறுவை அரங்குக்கு வெளியே காத்திருக்கும் அறையில் படுத்திருந்த முதிய பெண்மணி ஒருவரின் கையைத் தொட்டபோது அது சில்லிட்டிருந்தது. வெப்பநிலையை அளந்தோம், 35.6 டிகிரி செல்சியஸ். முக்கால் மணி நேரமாக மெல்லிய அங்கியோடு குளிர்சாதனக் காற்றில் படுத்திருக்கிறார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டோம். "ஆஸ்பத்திரின்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அவருடைய பொறுமைக்குப் பின்னால் எங்களுடைய கவனக்குறைவு இருந்தது. வெப்பக் காற்று நிரப்பும் போர்வையை அவர்மீது விரித்து, வெப்பநிலை 36ஐத் தாண்டிய பின்னரே அவரை உள்ளே அழைத்துச் சென்றோம். அன்றைய பட்டியலில் அடுத்திருந்தவர்களின் உறவினர்கள் தாமதத்தால் சற்று மனம் வருந்தினர். ஆயினும் அந்த அரை மணி நேரம் வீணாகவில்லை என்றே கருதுகிறோம்.

விழித்திருக்கும் மனிதருக்குக் குளிர் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், உடல் நடுங்கும், கை போர்வையைத் தேடும். மயக்க மருந்து இம்மூன்றையும் தடுத்துவிடுகிறது. குழாய்கள் விரிவதால், உள்ளுறுப்புகளில் இருந்த வெப்பம் கைகால்களுக்குப் பரவி, முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் ஒரு டிகிரிக்கு மேலும் குறையக்கூடும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போதும் இது நேர்கிறது. கைகால்கள் முன்கூட்டியே வெதுவெதுப்பாக இருந்தால் இந்த இழப்பு குறையும். எனவேதான் அரங்கினுள் தரும் போர்வையைப் போலவே அதற்கு முன் தரும் போர்வையும் முக்கியம் என்கிறோம்.

உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகிறது. மருந்துகளின் மயக்கம் நீள்கிறது. புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. 1996ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில், குளிர்ந்துபோனவர்களுள் 19 விழுக்காட்டினருக்கும் வெப்பம் காக்கப்பட்டவர்களுள் 6 விழுக்காட்டினருக்கும் புண்ணில் தொற்று ஏற்பட்டது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, 35.5 டிகிரியில் வைக்கப்பட்டவர்களுக்கும் 37 டிகிரியில் வைக்கப்பட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை எனக் கண்டது. ஆகவே 37ஐத் துரத்திக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஆனால் தொடங்கும்போதே 35.6இல் இருப்பவர் எவ்வளவு கீழே இறங்குவார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவசரமில்லாத அறுவையை 36க்குக் கீழ் தொடங்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதலும் கூறுகிறது.

அரங்கில் ஏன் இத்தனை குளிர் என்று பலரும் கேட்பர். கனத்த அங்கியும் கையுறையும் அணிந்து, விளக்கின் கீழ் மணிக்கணக்கில் நிற்கும் அறுவை மருத்துவருக்காகவே அது பெரும்பாலும் அமைகிறது. அவர் வியர்க்காமல் பணிபுரிவதும் உங்களுக்கு நன்மையே. அக்குளிரின் சுமையை நோயாளி தாங்காதபடி மூடிக் காப்பதும், ஏற்றும் திரவங்களைச் சூடாக்கித் தருவதும் எங்கள் பொறுப்பு.

வீட்டாருக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. அறுவை நாளன்று விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு வருவோர் இன்றும் பலர். வெந்நீரில் குளிக்கச் செய்து, தலையை நன்கு உலர்த்தி அழைத்து வாருங்கள். அரங்குக்கு அழைக்கும்வரை சால்வையும் காலுறையும் இருக்கட்டும். அறுவை முடிந்து வந்ததும் பாசத்தால் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துவிடாதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். நடுக்கம் கண்டால் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செவிலியரை அழையுங்கள்.

முதியோர், குழந்தைகள், மெலிந்தவர்கள் விரைவில் குளிர்ந்துபோவர். அவர்களுள் பலர் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். இன்னொரு போர்வை கொண்டுவர எங்களுக்கு இரண்டு நிமிடம் போதும்.