வெளியேற்ற அல்ல, காப்பாற்றவே பரிசோதனை

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையக் கோபுரங்கள் சரிந்தபோது நியூயார்க் தீயணைப்புத் துறை ஒரே நாளில் 343 பேரை இழந்தது. தப்பியவர்களும் பின்னர் மீட்புப் பணிக்கு வந்தவர்களும் சிமென்ட் பொடியும் கண்ணாடி இழையும் கலந்த, காரத்தன்மை மிகுந்த தூசியைச் சுவாசித்தார்கள். மூச்சை நிறைய இழுத்துக் குழாயில் வேகமாக ஊதச் சொன்னால், முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு நுரையீரலின் வலுவைக் காட்டிவிடும். வயது ஏறும்போது அது ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் குறைவது இயல்பு. புகைபிடிக்கவே பிடிக்காத வீரர்களுக்கும் கோபுரங்கள் சரிந்தபின் வந்த ஓராண்டில் சராசரியாக 439 மில்லிலிட்டர் குறைந்தது. அடுத்த ஆறாண்டுகளிலும் இழந்தது பெரும்பாலும் மீளவில்லை. இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது, அத்துறை தன் வீரர்களின் மூச்சளவை முன்பே பதிந்துவைத்திருந்ததால்தான். தீயணைப்பு வீரர்கள் பணியில் சேரும்போதே சராசரி மனிதரைவிட வலுவான நுரையீரல் உள்ளவர்கள். பெரிய இழப்புக்குப் பிறகும் அவர்கள் அளவு ‘நார்மல்’ என்றே வரக்கூடும். பழைய பதிவு இல்லாவிட்டால் நோய் கண்ணில் படாது.

ஒரே தூசியைச் சுவாசித்தும் எல்லோர் நுரையீரலும் ஒரே வேகத்தில் தேயவில்லை. ஏன்? விடையின் ஒரு பகுதி ரத்தத்தில் இருந்தது. ஈசினோபில், நியூட்ரோபில் ஆகிய வெள்ளையணுக்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூச்சளவு வேகமாகக் குறைந்ததை 15 ஆண்டுத் தரவுகளைக் கொண்ட ஆய்வு 2018இல் காட்டியது. இது விலை உயர்ந்த பரிசோதனையும் அல்ல. காய்ச்சலுக்குப் போனாலே எழுதித்தரும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியும் எண்ணிக்கைதான். ஆகவே எந்த நாட்டுத் தீயணைப்புத் துறையும் பணியில் சேரும் நாளிலும் பிறகு ஆண்டுதோறும் மூச்சளவு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை இரண்டையும் அளந்து பதிய வேண்டும் என்கிறோம். செலவைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க இதில் இடமில்லை.

இந்த எண்கள் கூட்டத்தின் சராசரியைச் சொல்லுமே தவிர, தனியொருவரின் எதிர்காலத்தைச் சொல்லாது என்பார்கள். சரிதான். அதனாலேயே ரத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவருக்கு வேலை மறுப்பதையோ, இருக்கும் வேலையைப் பறிப்பதையோ சட்டம் தடுக்க வேண்டும். யாரைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்க அந்த எண்ணிக்கை போதும். அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லாவிட்டால், வேலைக்குப் பயந்து இருமலை மறைப்பவர்கள்தான் பெருகுவார்கள். முகக்கவசமும் சுவாசக் கருவியும்தான் முதலில் வேண்டும் என்ற வாதத்தை அப்படியே ஏற்கிறோம். ஆனால் அவை இல்லாமல் கழிந்த நாட்களின் பாதிப்பை இனி எந்தக் கவசமும் துடைக்காது.

நியூயார்க் வீரர்களுக்கு உலகமே பார்த்த ஒரு தேதி இருந்தது. அப்படியிருந்தும் சிகிச்சைக்கு வழிசெய்த ஜட்ரோகா சட்டம் கையெழுத்தாக 2011 ஜனவரி வரை காத்திருந்தார்கள். 2015இல்தான் அது 2090 வரை நீட்டிக்கப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகள் குடோன்களிலும் குப்பைக் கிடங்குகளிலும் புகையைச் சிறுகச் சிறுகச் சுவாசித்த வீரருக்குச் சுட்டிக்காட்ட அப்படியொரு தேதி கிடையாது. இழப்பீடு கேட்டு நிற்கும்போது அவர் கையில் இருக்கக்கூடிய சாட்சி துறையின் பதிவேடு மட்டுமே. அதன் நகலை ஆண்டுதோறும் அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.