விதிகளைச் சுவரில் எழுதுங்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதிகள், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர் வாரியத்துக்கு ஆளெடுக்கும் விதிகள், வெட்டப்பட்டிருக்கின்றன. கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வாரியத்துக்கு வருபவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. எல்லாம் ஊரார் கண்ணெதிரே.

பொது நூலகக் கணினிக்கு விதி வகுப்பவர்கள் இந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். விதி தேவைதான். ஆனால் அதைத் தமிழில் எழுதிக் கணினிக்கு மேலேயே மாட்டுங்கள். காத்திருப்பவர் இருந்தால் ஒருவருக்கு அரை மணி நேரம் என்பது நியாயம். டிஎன்பிஎஸ்சி தேர்வு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய பெண்ணை அதற்காக எழுப்பிவிடுவது நியாயமல்ல. அடையாளச் சான்று கேட்டு, ஓராண்டுப் பதிவேடு வைக்கச் சொல்லும் 2011-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், தொழிலாக நடத்தும் இணைய மையங்களுக்கானவை. நூலகத்தில் உறுப்பினர் அட்டை போதும். ஆதார் நகல்களை வாங்கி மேசையில் அடுக்கி வைப்பது ஆபத்து. கணினியை விட்டு எழும் முன் கணக்கிலிருந்து வெளியேறவும், பதிவிறக்கிய சான்றிதழை அழிக்கவும் ஒருவர் சொல்லித்தர வேண்டும். எனக்கு இதுதான் முதல் விதி. முதன்முறை வருபவருக்கு மிரட்டலைவிட இந்த உதவியே பாதுகாப்பு.

சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரியாக மக்கள் கட்டுகிறார்கள். நூலகர்களே, அவர்களுக்கான கணினியை உறை போட்டு மூடி வைக்காதீர்கள்.